கண்டல் நடப் போகும் கம்பனிக்காரர்களுக்கு

கண்டல் நடப் போகலாம் என்று உங்கள் கம்பனியில் பேச்சு எழுந்தால், பஸ் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: நட்ட கன்றை அடுத்த வருடம் யார் பார்ப்பார்கள்? பதில் கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கடுமையாகத்தான் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் தேறியது 200 சொச்சம். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் கன்றுகள் பிழைத்த இடங்கள் கல்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு மூன்றும்தான். நட்டபின் கவனித்த இடங்களில்தான் கன்றுகள் கூடுதலாகத் தங்கின.

குண்டசாலைக்காரர்களான எங்களுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருமிடத்திலும் கண்டல்தான் நிற்கிறது. மலையில் இருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்கள் கம்பனியிலிருந்து கண்டல் நட நாங்கள் போனது குருநாகல் வழியாக, சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தான் பக்கம். 2001இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது. புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைக்காகக் கண்டலை அழித்துக் குளம் வெட்டினார்கள். வெண்புள்ளி நோயில் இறால் செத்ததும் பல குளங்களை அப்படியே விட்டுப் போனார்கள். வரம்புகள் மட்டும் தண்ணீரை மறித்து நின்றன. "தங்கச்சி, முதல்ல தண்ணி போய்வர வழி விடுங்க. மரம் தன்பாட்டில வரும்" என்றார் உடப்பு மீனவர் ஒருவர். அன்று கேட்டதில் இதைவிடப் பெரிய பாடம் எனக்கு இல்லை. தமிழ்நாட்டின் பிச்சாவரத்திலும் அழிந்த கண்டல் காட்டை மீட்டவர்கள் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் உள்ளே வந்துபோக விட்டபிறகே கன்று வைத்தார்கள். ஆகவே மண்வெட்டி பிடிக்கக்கூடியவர்களையும் அழைத்துப் போங்கள். ஆனால் வரம்பை உடைப்பதும் நடுவதும் அந்தக் காணிக்குப் பொறுப்பான திணைக்களத்தின் அனுமதியோடும் வழிகாட்டலோடும் மட்டுமே நடக்க வேண்டும்.

இடத்தைத் தெரிவு செய்வதில் அவசரம் வேண்டாம். எங்கள் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. அதனால் கண்டல் பிழைக்கும் பட்டை மிகவும் ஒடுக்கம். எந்நேரமும் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் சேற்றில் நட்டால் கன்று மூச்சுத் திணறிச் சாகும். இயற்கையாக முளைத்த கன்றுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று பார்த்து, அதே மட்டத்தில் நடுங்கள். எல்லா இடத்திலும் நீண்ட முளைக்காய் விடும் இனத்தையே நடும் பழக்கமும் போக வேண்டும். நடுவதற்குச் சுலபம் என்பது ஒரு காரணமே அல்ல.

அந்த முளைக்காயை நடும்போது குழி தோண்டத் தேவையில்லை. கூர்முனை கீழே இருக்க, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகும்படி மெல்ல அழுத்தினால் போதும். தலைகீழாக நடுபவர்களும் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக் கொள்ளுங்கள். முளைக்காய்களை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். பையில் வளர்த்த கன்றென்றால் பையைக் கழற்றி, கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். செருப்பைச் சேறு இழுத்துக்கொள்ளும். கயிறு கட்டிய பழைய துணிச் சப்பாத்து நல்லது. ஈட்டிபோல நிற்கும் மூச்சுவேர்களை மிதிக்காதீர்கள். தில்லை மரத்தை முன்கூட்டியே காட்டித்தரச் சொல்லுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பதாகைக்கும் ரீ-சேர்ட்டுக்கும் ஒதுக்கும் காசில் பெரும்பகுதியை அந்த ஊர்க்காரர்களுக்குக் கூலியாகக் கொடுக்கச் சொல்லி நான் இப்போதும் கம்பனியில் வாதாடுகிறேன். மாடு மேயாமல் வேலி காப்பது, கன்றில் சுற்றும் பாசியை எடுப்பது, அடைபட்ட வாய்க்காலைத் திறப்பது எல்லாம் அவர்களால்தான் முடியும். வருட அறிக்கையில் நட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்தில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையையும் போடச் சொல்லுங்கள். அதை எண்ணி வரவாவது மறுபடி ஒரு பஸ் போகும்.