குப்பைப் பையில் ஊசி

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் நான். போன வாரம் குப்பைப் பையைத் தூக்கும்போது ஊசி குத்திவிட்டது. ‘டெட்டால் போட்டுக் கழுவு, போதும்’ என்கிறார் சூப்பர்வைசர். எய்ட்ஸ் வந்துவிடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும், தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். நான் அதிகம் பயப்படுவது ஹெபடைடிஸ் பி-க்கு. தடுப்பூசி போடாதவருக்கு அது 6 முதல் 30 சதவீதம் வரை தொற்றலாம்.

ஊசி குத்தினால் சோப்பும் ஓடும் நீரும் போதும். டெட்டால் வேண்டாம், காயத்தைப் பிதுக்கவும் வேண்டாம். ஆனால் அத்தோடு நின்றுவிடக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் நாளையே அரசு மருத்துவமனைக்குப் போய் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை செய்யுங்கள். சொல்லும் நாளில் மறுபடியும் போங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

அந்த ஊசி பைக்குள் வந்ததே தவறு. துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. கழிவைக் கையாளும் எல்லோருக்கும், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவதும் மருத்துவமனையின் பொறுப்பே. சம்பவத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சூப்பர்வைசர் முணுமுணுக்கட்டும்.