டேப்பில் வைஃபை விட்டு விட்டு வருகிறதா?

போனில் நெட் வருகிறது, டிவியில் படம் ஓடுகிறது, டேப்பில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒரு புகார் கிளம்பியதும் நாம் செய்வது இரண்டே காரியம்: கம்பெனிக்குப் போன் போடுவோம், இல்லாவிட்டால் ஆன்லைனில் ஒரு ரிப்பீட்டர் ஆர்டர் செய்வோம். கோளாறு டேப்பிலா, ரவுட்டரிலா, இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவர்களிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்று தெரியாமல் செய்வதால் பாதி நேரம் இரண்டுமே வீண். டிவி ஒரே இடத்தில் நிற்கிறது. டேப்போ கூடம், சமையல் மேடை, படுக்கையறை, பால்கனி என்று நாள் முழுவதும் கை மாறி இடம் மாறுகிறது. அதனால் வீட்டு வைஃபையில் என்ன குறை இருந்தாலும் அதில்தான் முதலில் தெரியும்.

1. முதலில் டேப்பை ரவுட்டருக்கு ஐந்தாறு அடி தூரத்தில் வைத்து, கொஞ்ச நேரம் வீடியோ ஓட விடுங்கள். அங்கே தடங்கல் இல்லாமல் ஓடி, உள் அறையில் மட்டும் நின்றால் சிக்னல் போய்ச் சேரவில்லை என்று பொருள். பக்கத்திலேயே வைத்தும் நின்றால், அதே இடத்தில் போனில் பாருங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்ப்பது முக்கியம். வைஃபை படுத்தால் பல போன்கள் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். நாமும் 'போனில் நன்றாகத்தானே வருகிறது' என்று டேப்பைத் திட்டுவோம். சிம் இல்லாத டேப்புக்குத் தாவ இடம் கிடையாது. டேட்டாவை அணைத்த பிறகு போனிலும் வரவில்லை என்றால் டேப்பை விட்டுவிடுங்கள், பழுது லைனில் அல்லது ரவுட்டரில்.

2. ரவுட்டரில் எரியும் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் பான் என்ற விளக்கு நிலையாக எரிய வேண்டும். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை. டேப்பில் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. தெருவில் மரம் வெட்டியபோது அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், பெருக்கும்போது பெட்டிக்குப் பின்னால் அந்த மெல்லிய மஞ்சள் ஒயர் மடங்கியிருக்கலாம். செம்புக் கம்பியைப் போல அதை மடித்துக் கட்டக் கூடாது. கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். சுற்றி வைப்பதானால் உள்ளங்கை அகலத்துக்கு வளையமாக, தளர்வாக விடுங்கள். நுனியைப் பிடுங்கி ஊதுவது, சேலைத் தலைப்பால் துடைப்பது, உள்ளே எட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

3. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று கால் சென்டரில் சொல்வதைக் கேலி செய்கிறோம். ஆனால் முறையாகச் செய்தால் பலன் உண்டு. சுவிட்சை அணைத்து முப்பது விநாடியாவது விடுங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். டேப்பையும் முழுக்க அணைத்துப் போடுங்கள். திரையை மட்டும் அணைப்பது கணக்கில் வராது. ஒரு எச்சரிக்கை: ரவுட்டருக்குப் பின்னால் ஊசித் துளை அளவில் ரீசெட் பட்டன் இருக்கும். அதைக் குத்திப் பிடித்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமின்றி, பல வீடுகளில் கம்பெனி போட்டுக் கொடுத்த யூசர் ஐடியும் அழிந்துபோகும். பிறகு ஆள் வந்துதான் சரி செய்ய வேண்டும்.

4. ரவுட்டர் இருக்கும் இடம்தான் பெரும்பாலான வீடுகளில் உண்மையான வில்லன். இணைப்புக் கொடுக்க வந்தவர் ஒயர் எந்த ஜன்னல் வழியாக நுழைந்ததோ அந்த மூலையிலேயே ஆணி அடித்துவிட்டுப் போயிருப்பார். அப்புறம் பார்வைக்கு நன்றாக இல்லை என்று நாம் அதை டிவிக்குப் பின்னாலோ, ஷோகேஸுக்குள்ளோ, பரண் மேலோ ஒளித்து வைப்போம். வைஃபை அலைக்கு ஆகாதவை இரும்பும் தண்ணீரும். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பின்புறம் உலோகப் பூச்சுள்ள டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடி, மீன் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் எல்லாம் அலையைத் தடுக்கும் அல்லது விழுங்கும். செட்டிநாட்டு வீடுகளைப் போலக் கனத்த சுவர் என்றால் இரண்டாவது அறையிலேயே சிக்னல் பாதியாகும்.

உங்கள் கட்டிலில் இருந்து ரவுட்டர் வரை மனதுக்குள் ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு பீரோவின் ஊடாகப் போனால், பீரோவையோ ரவுட்டரையோ இரண்டடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ரவுட்டர் வீட்டின் நடுவாக்கில், நெஞ்சு உயரத்துக்கு மேல், நாலு பக்கமும் காற்றாட இருக்க வேண்டும். அதன் மேல் துணி, கொலுப் பொம்மை, பழைய பேப்பர் எதுவும் வைக்காதீர்கள். சூடேறினால் அது தானாகவே நின்று நின்று ஓடும். ஆன்டெனா செங்குத்தாக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், உச்சிக்கும் அடிக்கும் குறைவாகவே போகும். மாடி வீடு என்றால் இரண்டு ஆன்டெனாவில் ஒன்றைப் படுக்கையாகச் சாய்த்து வையுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

5. இன்றைய ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், நடந்துகொண்டே பார்க்கும் டேப் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறும். அந்தத் தாவலின்போதுதான் வீடியோ கால் உறையும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். ரவுட்டர் உள்ள அறையில் 5, தள்ளி உள்ள அறையில் 2.4 என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். விலை குறைந்த டேப்புகள் சிலவற்றில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வசதியே இருக்காது. பட்டியலில் அந்தப் பெயர் தெரியாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

6. சமையல் வீடியோ பார்க்கும்போது மட்டும் நின்று நின்று வருகிறதா? மைக்ரோவேவ் அவனைக் கவனியுங்கள். அது வேலை செய்வதும் ஏறக்குறைய அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான், கதவிடுக்கில் கசிவது நம் உடம்புக்குக் கேடு செய்யாத அளவாக இருந்தாலும் வைஃபையைக் கலைக்கப் போதும். சமையலறையில் டேப்பை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது மைக்ரோவேவிலிருந்து தள்ளி வையுங்கள். புளூடூத் ஸ்பீக்கர், ஹெட்போன் இவையும் அதே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். இண்டக்‌ஷன் அடுப்பைச் சந்தேகப்பட வேண்டாம். அதன் அலைவரிசை இதைவிட மிக மிகக் குறைவு.

7. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு: வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்கள் இருபது வருகிறதா? எல்லோரும் ஒரே சேனலில் பேசினால் யாருக்கும் கேட்காது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை இலவச ஆப் ஒன்றைப் போட்டால் எதில் கூட்டம் குறைவு என்று தெரியும். சிக்னல் பலத்தையும் அதே ஆப் எண்ணில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோவுக்குப் போதும், மைனஸ் 80-ஐத் தொட்டால் அந்த இடத்தில் உட்கார்ந்து பயனில்லை. ரவுட்டர் செட்டிங்குக்குள் போக பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றை வையுங்கள். அதற்கு மேல் உள்ள சில சேனல்கள் ரேடாருடன் பங்கு போடப்பட்டவை. ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், இணைப்பும் அறுபடும்.

8. வைஃபை சின்னம் முழுதாகக் காட்டுகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், செட்டிங்ஸில் உங்கள் வைஃபை பெயரைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்து இணையுங்கள். அங்கேயே ஐ.பி. முகவரி என்று ஒரு எண் இருக்கும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் டேப்புக்கு முகவரியே கொடுக்கவில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

9. டேப்பின் தேதி, நேரம் சரியா? நாள்கணக்கில் சார்ஜ் தீர்ந்து கிடந்த டேப்பில் தேதி பின்னோக்கிப் போயிருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. 'தானாக அமை' என்பதைப் போடுங்கள். வி.பி.என். ஆப், விளம்பரம் தடுக்கும் ஆப், பேட்டரி சேவர் இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பேரனோ பேத்தியோ கேம் விளையாட வி.பி.என். போட்டுவிட்டு மறந்திருப்பது சகஜம்.

10. டேப்பை அப்டேட் செய்த பிறகு ரவுட்டர் அதை அடையாளம் காணவில்லை என்றால் காரணம் இருக்கிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்தும், 2020-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 14-லிருந்தும் டேப்புகள் தங்கள் அடையாள எண்ணான உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. குழந்தைகளின் டேப்புக்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருந்தாலோ, குறிப்பிட்ட கருவிகளுக்கு மட்டும் அனுமதி என்று பூட்டியிருந்தாலோ, ரவுட்டருக்கு அது புது ஆள். வீட்டு வைஃபைக்கு மட்டும் 'பிரைவேட் அட்ரஸ்' அல்லது 'ரேண்டம் மேக்' என்பதை அணைத்து வைக்கலாம்.

11. புது ரவுட்டர், பழைய டேப் என்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சேராமல் போகலாம். ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால், டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். பூட்டே இல்லாமல் திறந்து வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

12. உலோகத் தகடு வைத்த உறை போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

13. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் சில ரவுட்டர்கள் அணைந்து எழும். திரும்ப நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கரண்ட் அடிக்கடி கண் சிமிட்டும் ஊர்களில் 'வைஃபை விட்டு விட்டு வருகிறது' என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். ரவுட்டருக்கென்றே மினி யு.பி.எஸ். கிடைக்கிறது; அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட். தேய்ந்துபோன அடாப்டரும் இதே தொல்லையைத் தரும். சுவரில் ஆடிக்கொண்டிருக்கும் பிளக்கையும் ஒருமுறை பாருங்கள்.

14. வேகத்தை அளக்கும்போது எம்.பி.பி.எஸ். என்பது மெகாபிட் கணக்கு என்று நினைவிருக்கட்டும். 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தில் டவுன்லோட் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் காட்டும், கம்பெனி ஏமாற்றவில்லை. ஹெச்.டி. படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ். போதும். மாதக் கடைசியில் மட்டும் ஆமை வேகம் என்றால், திட்டத்தின் டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள். கேபிள்காரர் தரும் இணைப்பில் பில் தேதி தாண்டினாலும் 'கனெக்டெட்' என்று காட்டும், நெட் வராது.

15. இத்தனைக்குப் பிறகும் கடைசி அறைக்கு எட்டவில்லை என்றால்தான் ரிப்பீட்டர். அதைச் சிக்னல் இல்லாத அறையில் மாட்டுவது அர்த்தமற்றது. ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். என் ஓட்டு லேன் கேபிளுக்கு. கேட் 6 கேபிள் ஒன்றை அந்த அறை வரை இழுத்து, மறுமுனையில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வையுங்கள். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஒவ்வொரு தளத்துக்கும் லேன் கேபிளுக்கு ஒரு காலிக் குழாயை இப்போதே போட்டு வையுங்கள்.

16. டேப்பில் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்பதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ, ஆப் எதுவும் அழியாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும்.

17. பழுது லைனில்தான் என்று உறுதியானால் கம்பெனியில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். ஆள் வராமலே 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தால் அந்த எண்ணைக் காட்டி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனத்திலும் அப்படி ஓர் அமைப்பு இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ரவுட்டரின் அடியில் உள்ள சீட்டையும், விளக்குகள் இயல்பாக எரியும் நாளில் அவற்றையும் இன்றே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பழுதான நாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.