உடன் எடுத்துச் செல்லும் உலகம்

நுழையும்முன்

மூச்சு விடும்போது காற்றைப் பற்றி யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்று, நீர், இதமான வெப்பம் ஆகியவற்றைப் பூமி நமக்குக் கேளாமலே தருகிறது. விண்வெளிக்குச் செல்வோர் இவற்றையெல்லாம் அளந்து எடுத்துச் செல்ல வேண்டும். அளந்தவற்றுள் ஒன்று குறைந்தால் என்ன நேரும்? 1970ஆம் ஆண்டில் நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 விண்கலத்தின் பயணம் இவ்வினாவிற்கு விடை தருகிறது.

விண்கலம் என்னும் சிறு பூமி

விண்வெளியில் மூச்சுவிடக் காற்று இல்லை. உடலைத் தாங்கும் காற்றழுத்தமும் இல்லை. கதிரவன் ஒளி படும் பக்கம் கடுமையாகச் சூடேறும், நிழற்பக்கம் உறைந்துபோகும். எனவே, விண்கலம் தன்னுள் ஒரு சிறு பூமியைச் சுமந்து செல்ல வேண்டியுள்ளது.

மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் தேவை. அவர் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் இருக்கும். பூமியில் அதனை மரஞ்செடிகளும் கடலும் ஏற்றுக்கொள்கின்றன. மூடிய கலத்திற்குள் அவ்வாயு தேங்கினால் தலைவலியும் மயக்கமும் தோன்றி, இறுதியில் உயிருக்கே கேடு விளையும். ஆகவே, ஆக்சிஜனைத் தருவதைப் போலவே கார்பன் டை ஆக்சைடை அகற்றுவதும் இன்றியமையாதது. இவற்றுடன் உணவு, நீர், மின்சாரம், திசையறியும் கருவிகள், தகவல் தொடர்பு, பூமிக்குத் திரும்பும்போது எரியாமல் காக்கும் வெப்பக் கவசம் ஆகியனவும் வேண்டும்.

ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று

1970 ஏப்ரல் 11 அன்று ஜேம்ஸ் லோவெல், ஜான் சுவைகர்ட், பிரெட் ஹெய்ஸ் ஆகிய மூவருடன் அப்பல்லோ 13 புறப்பட்டது. அதில் மூன்று பகுதிகள் இருந்தன. வீரர்கள் தங்குவது கட்டளைக்கலம். ஆக்சிஜனும் மின்சாரமும் தருவது பணிக்கலம். நிலவில் இறங்குவதற்கு உரியது இறங்குகலம்.

புறப்பட்டு ஏறத்தாழ 56 மணி நேரம் ஆகியிருந்தது. பூமிக்கும் கலத்திற்கும் இடையே ஏறத்தாழ 3,20,000 கிலோமீட்டர் தொலைவு. அப்போது பணிக்கலத்தின் ஆக்சிஜன் தொட்டிகளுள் ஒன்று வெடித்தது. மற்றொன்று கசியத் தொடங்கியது. அக்கலத்தின் மின்சாரம் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இணையும் எரிபொருள் மின்கலங்களிலிருந்து கிடைத்தது. குடிநீரும் அவ்விணைப்பிலேயே உருவானது. எனவே, ஆக்சிஜன் போனதும் மின்சாரம் போனது. மின்சாரத்தோடு நீரும் வெப்பமும் போயின. தேவைகள் தனித்தனியானவை அல்ல, ஒரு சங்கிலியின் கண்ணிகள் என்பதை அவ்விரவு காட்டியது.

வெடிப்பின் காரணம் பின்னர் ஆய்வில் தெரியவந்தது. தொட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின் பொத்தான்கள் 28 வோல்ட் மின்னழுத்தத்திற்கு ஏற்றவை. ஏவுதளத்தில் அவற்றிற்கு 65 வோல்ட் செலுத்தப்பட்டது. அதனால் அவை உருகி ஒட்டிக்கொண்டன; அளவு மீறிய வெப்பத்தால் கம்பிகளின் காப்புறை சிதைந்தது. சிறு பொருத்தமின்மை ஒன்று மூவர் உயிரைக் கேள்விக்குறியாக்கியது.

இருப்பதைக் கொண்டு வாழ்தல்

மூவரும் இறங்குகலத்தில் அடைக்கலம் புகுந்தனர். அது இருவர் இரண்டு நாள் தங்குவதற்கென அமைக்கப்பட்டது. இப்போது மூவரை ஏறத்தாழ நான்கு நாள் காக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலான கருவிகள் நிறுத்தப்பட்டன. கலத்திற்குள் குளிர் உறக்கத்தைக் கெடுத்தது. நாளொன்றுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் நீரே கிடைத்தது. ஹெய்ஸ் காய்ச்சலுற்றார்.

அடுத்த இடர் கார்பன் டை ஆக்சைடு வடிவில் வந்தது. அதனை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் கட்டளைக்கலத்தில் போதிய அளவு இருந்தன. ஆனால், அவை சதுர வடிவின. இறங்குகலத்தின் பொருத்துவாயோ வட்ட வடிவினது. கலத்திற்குள் உள்ள பொருள்களை மட்டுமே கொண்டு தீர்வு காணத் தரைக்கட்டுப்பாட்டு நிலையப் பொறியாளர்கள் முனைந்தனர். நெகிழிப்பை, அட்டை, உடையின் குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றால் ஓர் இணைப்பை உருவாக்கினர். அதன் செய்முறையை வானொலி வழியே படிப்படியாகச் சொல்ல, வீரர்கள் கேட்டுக் கேட்டுச் செய்தனர். நச்சுக்காற்றின் அளவு குறைந்தது.

வெடிப்பில் சிதறிய துகள்கள் விண்மீன்களைப் போல மின்னியதால் திசையறிவது கடினமாயிற்று. பாதையைத் திருத்த வேண்டிய ஒரு வேளையில், சாளரத்தில் தெரிந்த பூமியின் பகலிரவு எல்லைக்கோட்டையே குறியாகக் கொண்டனர். வெப்பக் கவசம் கட்டளைக்கலத்தில் மட்டுமே இருந்தமையால், இறுதியில் அதற்கே திரும்பினர். குளிரில் அதன் சுவர்களிலும் கருவிகளிலும் நீர் துளிர்த்திருந்தது. ஆயினும் மின்கசிவு ஏற்படவில்லை. 1967இல் அப்பல்லோ 1 கலத்தில் தரைச் சோதனையின்போது தீப்பற்றி மூவர் உயிரிழந்தனர். அதன்பின் செய்யப்பட்ட பாதுகாப்பு மாற்றங்களே இம்மூவரைக் காத்தன. ஏப்ரல் 17 அன்று கலம் பசிபிக் பெருங்கடலில் பாதுகாப்பாக இறங்கியது.

எடுத்துச் செல்ல இயலாத ஒன்று

பயணத்திற்கு வேண்டிய பொருள்கள் அனைத்தையும் பட்டியலிடலாம், எடையிட்டு ஏற்றலாம். ஆனால், அப்பல்லோ 13இன் வீரர்களைக் காத்தவற்றுள் சில அப்பட்டியலில் இல்லை. பதறாத மனம், முறையான பயிற்சி, பிறர் சொல்லைச் செவிமடுக்கும் பண்பு, முன்னோர் இழப்பிலிருந்து கற்ற பாடம் ஆகியவை அவை. நிலவில் இறங்காத அப்பயணத்தை உலகம் இன்றும் போற்றுவதற்குக் காரணம் இதுவே. அளந்து எடுத்துச் சென்ற சிறு பூமி சிதைந்தபோதும், பெரிய பூமியில் இருந்தோர் அம்மூவரையும் கைவிடவில்லை.

தெரிந்து தெளிவோம்

மூவரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதைக்கு மூன்று நாள் பயணமாக அனுப்பிப் பாதுகாப்பாக மீட்பது இந்தியாவின் ககன்யான் திட்டத்தின் நோக்கமாகும். இதற்கான இயந்திரச் சோதனைகள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ மையத்தில் நடைபெற்றுள்ளன.

கற்பவை கற்றபின்…

1. ஒரு நாளில் நீங்கள் பயன்படுத்தும் நீரின் அளவைக் கணக்கிட்டு, 200 மில்லிலிட்டருடன் ஒப்பிட்டு எழுதுக.

2. ஆக்சிஜன் தொட்டியின் இழப்பு எவ்வெவற்றைப் பாதித்தது என்பதைத் தொடர்விளக்கப் படமாக வரைக.

3. ‘நெருக்கடியில் உதவுவது கருவியா? கூட்டுமுயற்சியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.