ஓவியத் தொடரும் திரைப்படமும்

முன்னுரை

ஒரு நூல் திரைப்படமாகும்போது, 'மூலத்தை அப்படியே எடுத்திருக்கிறார்களா?' என்பதே பலரும் எழுப்பும் முதல் வினா. அப்படியே எடுத்தால் படம் சிறந்துவிடுமா என்று கேட்பவர் சிலரே. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளிலிருந்து பயில வரும் நம் மாணவர்களுள் பலர் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைத் திரை வழியாகவே முதலில் அறிந்தவர்கள். ஆதலின் இவ்வினாவை ஆராய்வது பயனுடையதாகும்.

எழுத்தும் ஓவியமும்

தமிழில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற இதழ்கள் சித்திரக்கதைகளைப் பரப்பின. அவற்றுக்கு முன்பே வார இதழ்த் தொடர்கதை ஓவியத்தோடு இணைந்து வளர்ந்திருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வெளிவந்த பொன்னியின் செல்வனில், வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் தந்தவை மணியத்தின் ஓவியங்களே. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு 'ஆனந்த விகட'னில் உருவம் தந்தவர் கோபுலு. இத்தகைய கதைகளைப் படமாக்குவோர் எழுத்தாளரோடு ஓவியருக்கும் விடை சொல்ல வேண்டியவராகின்றனர்.

கட்டமும் காட்சியும்

ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' என்னும் ஆங்கிலச் சித்திர நாவல் 2009இல் படமாயிற்று. இயக்குநர் சாக் ஸ்னைடர் ஓவியக் கட்டங்கள் பலவற்றை அவ்வாறே திரையில் நிறுத்தினார். ஆயினும், ஏட்டில் ஒரு கட்டத்தின்மேல் கண் எவ்வளவு நேரம் தங்குவது என்பதைப் படிப்பவரே தீர்மானிக்கிறார். திரையில் அதனை இயக்குநர் அளந்துவிடுகிறார். கட்டம் ஒன்றாயினும் அனுபவம் ஒன்றாவதில்லை.

மாறாக, ஏட்டில் நாகசுரம் ஒலிக்காது. 1968இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் ஒலித்தது. எழுத்தும் கோடும் கற்பனைக்கு விட்டதைப் படம் செவிக்கு அளித்தது. மூலத்துக்கு உண்மையாய் இருத்தலின் உயர்ந்த வகை இதுவேயாகும்.

பெற்றதும் இழந்ததும்

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தது. நூலின் இறுதிப் பாகமான 'தியாகச் சிகர'த்தில், அருள்மொழிவர்மன் தனக்குரிய முடியைச் சேந்தன் அமுதனுக்குச் சூட்டுகிறான். பூத்தொண்டு செய்த அந்த எளிய இளைஞனே உண்மையான மதுராந்தகன் என்பது கதையின் பெருந்திருப்பம். படத்திலோ, அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனே முடி பெறுகிறான். மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. ஐந்து பாகங்களை இரு படங்களில் அடக்குவோர் எதையேனும் விட்டாக வேண்டும். தியாகம் என்னும் கரு காக்கப்பட்டது; எளியவன் உயர்வு பெறும் வியப்பு இழக்கப்பட்டது. முன்னதற்காகப் பாராட்டலாம், பின்னதற்காக வருந்தவும் செய்யலாம். படத்தை மட்டும் கண்டு நூலைப் பற்றி விடை எழுதும் மாணவர் இவ்விழப்பை அறியவே மாட்டார் என்பதே நம் கவலை.

மரபு காட்டும் வழி

இச்சிக்கல் தமிழுக்குப் புதியதன்று. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடியபோது, நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளையும் நிலமாக வருணித்தார். நிலவியலை எழுதுவது அவர்தம் நோக்கமன்று. அவ்வரலாற்றின் மேன்மையைத் தமிழ்க் காப்பிய நெறியில் உணர்த்துவதே நோக்கம். எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். திரைக்கலைஞருக்கும் வேண்டுவது அவ்வறிவேயாகும்.

முடிவுரை

உருவத்தை அப்படியே பெயர்ப்பதால் மட்டும் படம் சிறப்பதில்லை. கருவைக் கைவிட்டால் அது மூலத்தின் பெயரைச் சுமக்கும் தகுதியை இழக்கிறது. படம் நன்றோ அன்றோ என்று தீர்ப்புக் கூற நூலறிவு வேண்டும். படம் கண்ட மாணவர்கள் நம் கல்லூரி நூலகத்துக்குள்ளும் வருக. ஐந்து பாகங்களும் அவர்களுக்காகக் காத்திருக்கின்றன.