தகப்பன் கையெழுத்து வைக்காத இடம்



மகள், நேற்று நீங்கள் தந்த வரைவை வாசித்தேன். மண்டூர்ப் பையனை அவனுடைய சித்தப்பா, அதாவது தாயின் இரண்டாம் கணவர், மகவேற்பதற்கான மனு. ஆறாம் பந்தியைத் தவிர எல்லாம் ஒழுங்கு. கட்டாருக்குப் போன சொந்தத் தகப்பனை 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். யார் தேடியது? எங்கே தேடியது?

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டம் பெற்றவரின் சம்மதத்தைத்தான் முதலில் கேட்கிறது. கைவிட்டவர், கண்டுபிடிக்க முடியாதவர், சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவர், பராமரிப்பைத் தொடர்ந்து கொடுக்காதவர் என்றால் அது இல்லாமலும் மாவட்ட நீதிமன்றம் கட்டளை ஆக்கலாம். இவற்றில் எந்தச் சொல்லைப் போட்டாலும் வழக்கு முடிந்துவிடும் என்று இளவயதில் நானும் நினைத்தேன்.

1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து ஒரே நாளில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தக் காலத்தில் காணாமற்போன ஒருவரின் மகளுக்காக, சில வருடம் கழித்து ஒரு மனு எழுதினேன். வேலை சுலபமாகட்டும் என்று 'தகப்பன் பிள்ளையைக் கைவிட்டுச் சென்றார்' என்று போட்டேன். அவருடைய தாய் நீதிமன்ற விறாந்தையில் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டா. "என்ட புள்ள ஆரையும் உட்டுப்போட்டுப் போகல்ல. அவனப் புடிச்சித்துப் போனவனுகள்." பிள்ளையை மகவேற்க வந்த சித்தப்பாவை அவ எதிர்க்கவில்லை. பேத்திக்குச் சோறு போடுகிற மனிசன் என்றுதான் சொன்னா. அந்த ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொன்னா. அன்றைக்கே மாற்றினேன்.

நம் பக்கத்தில் குடி தாய்வழி. கலியாணம் கட்டினவன் பெண் வீட்டுக்கு வந்து இருப்பவன். அவன் போய்விட்டால் அவனுடைய ஆட்களை யாரும் கேட்பதில்லை. ஆனால் கட்டளை வந்த பிறகு பெற்றவனுடைய உரிமையும் கடமையும் அற்றுப்போகும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

குருமண்வெளியில் பாதைப் படகு ஏறி இந்தப் பையனுடைய தகப்பனின் தாய் வீட்டுக்கு நீங்களே போங்கள். கடைசியாகக் காசு வந்த வங்கித் துண்டு, பழைய தொலைபேசி இலக்கம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உள்ள பதிவு எல்லாவற்றையும் பாருங்கள். ஆள் அகப்பட்டு மறுத்தால், மறுப்பை மறைக்காமல் நீதிபதிக்குச் சொல்லுங்கள். காசு அனுப்பாதது வேறு காரணம். அதை வேறாக நிரூபியுங்கள். அகப்படாவிட்டால், தேடிய விதத்தைத் திகதியோடு சத்தியக் கடதாசியில் எழுதுங்கள்.

பையனுக்குப் பதினொரு வயது. பத்து வயது கடந்த பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தாயும் சித்தப்பாவும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து அவனோடு பேசுங்கள். நேற்று உங்கள் மேசைக்கு முன்னால் அவன் வைத்திருந்த கொப்பியைப் பார்த்தேன். அட்டையில், பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்தை அழித்து எழுதியிருந்தான். அழித்தது எது, எழுதியது எது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.