தொடங்கியபின் நின்றுபோகும் எண்ணெய் எஞ்சின்

தாமிரபரணிப் பாசனத்தில் மருதூர் அணைக்கட்டின் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் ஆகியவற்றின் கடைமடைக் குளங்களில், பிசானப் பயிர் கதிர் வாங்கும் தை மாதத்தில் தண்ணீர் மடைமட்டத்திற்குக் கீழே இறங்கிவிடுவது பல வருஷங்களில் நேரிடுகிறது. கிணறுகளுக்குப் பெரும்பாலும் மின்சார மோட்டார் வந்துவிட்டதெனினும், மின்கம்பி எட்டாத குளத்தடியிலும் ஓடைக்கரையிலும் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய சிறு எஞ்சினே இன்னும் துணையாக இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் மூலையில் கிடந்த அந்த எஞ்சின், கயிற்றை இழுத்ததும் சிரமமின்றி ஓடத் தொடங்கி, ஆட்கள் வாய்க்காலைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் நின்றுபோகும். மறுபடி இழுத்தால் ஓடும், மறுபடியும் நிற்கும். கதிர் வெளிவரும் சமயத்தில் நெல்லுக்கு ஏற்படும் தண்ணீர்த் தட்டு பதரை மிகுதிப்படுத்துமாதலால், பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த நஷ்டம் ஈடாவதில்லை. எஞ்சினை வண்டியிலேற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பும் இரண்டு மூன்று நாட்களே பயிரின் கதியைத் தீர்மானித்துவிடக்கூடும்.

முதலில் அறிய வேண்டுவது யாதெனில், ஒருமுறை நன்றாகத் தொடங்கிய எஞ்சினில் பொறியும் அழுத்தமும் அச்சமயத்தில் இருந்தன என்பதாம். ஆகையால் சிலிண்டர் தலையைக் கழற்றுவதும் பிஸ்டனைப் பார்ப்பதும் முதல் வேலையல்ல. அவசரத்தில் கழற்றிய எஞ்சின்கள், கழற்றுமுன் இருந்ததைவிடக் கேவலமான நிலையில் திரும்பி வருவதை அடிக்கடி காண்கிறோம். எஞ்சின் எத்தனை நிமிஷம் ஓடி நின்றது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வதே முதற்காரியம்.

அரை நிமிஷம் அல்லது ஒரு நிமிஷத்தில் நின்றால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலிருந்த எண்ணெய் தீர்ந்து, புதிய எண்ணெய் வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். எஞ்சின் தடுமாறும்போது சோக்கைப் பாதியளவு மூடிப்பார்க்க வேண்டும். மூடியதும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினால் எண்ணெய்க் குறைவு. கரும்புகை கக்கி முன்னிலும் விரைவில் நின்றால் எண்ணெய் மிகுதி. மணப்பாடு, உவரி முதலிய கடற்கரை ஊர்களில் படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின் தடுமாறினால், எண்ணெய்க் குழாயிலுள்ள ரப்பர் குமிழைக் கையால் அமுக்கிப் பார்ப்பதும் இதே சோதனைதான். குமிழை அமுக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால், கோளாறு எண்ணெய் வரும் வழியில் இருக்கிறது.

குறைவென்று கண்டபின், எஞ்சின் ஆறியதும், பீடி சிகரெட்டு எதுவும் அருகில் இல்லாமற் செய்துகொண்டு, கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி ஒரு சீசாவில் பிடித்துப் பார்க்கலாம். தாரை அறாமல் விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டாங்கியின் அடியிலுள்ள வலை துருவினாலோ வண்டலினாலோ அடைபட்டிருக்கும். முதலில் நன்றாக விழுந்து, சிறிது நேரத்தில் மெலிந்து நின்றால், டாங்கி மூடியிலுள்ள ஊசித்துவாரத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே எண்ணெய் குறையக் குறைய அத்துவாரத்தின் வழியாகக் காற்று புக வேண்டும். தூசியோ குளவி வைத்த மண்ணோ அதை அடைத்துவிட்டால் எண்ணெய் இறங்காது. பத்து நிமிஷம், கால்மணி ஓடி நிற்கும் எஞ்சின்களில் இதனால் நிற்பவை பல. மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் வேறெதையும் தொட வேண்டியதில்லை. இவ்வளவு சிறு காரணத்தை எவரும் நம்புவதில்லை. ஆகவே கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து ஒரு வெள்ளைப் பீங்கானில் வடித்துப் பார்த்தால், தண்ணீர் இருக்குமாயின் அடியில் முத்து முத்தாகத் தங்கும். இக்காலத்தில் இது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. 2025-ஆம் வருஷத்திற்குள் இந்தியாவில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அளவு கடந்தால் தண்ணீருடன் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அன்றியும் பழைய எஞ்சின்களின் ரப்பர்க் குழாய், வாஷர் முதலியன இக்கலப்பில் ஊறி இளகியோ வெடித்தோ போவதுண்டு. ஆகையால் பழைய எஞ்சினுக்கு மாதக்கணக்கில் டின்னில் கிடந்த பெட்ரோல் ஆகாது. கிண்ணத்திற்குள் இருக்கும் ஜெட்டின் துவாரத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். இரும்பு ஊசியால் குத்தினால் துவாரம் பெருகி, பின்பு எஞ்சின் ஒருபோதும் அளவோடு எண்ணெய் குடிக்காது.

மண்ணெண்ணெய்க்கு மாற்றியவுடன் நிற்பது வேறு விஷயம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. பெட்ரோலில் சில நிமிஷம் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறியபின்பே மாற்ற வேண்டும். அவ்வாறே மாலையில் நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டாவிடில், கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நிற்க, மறுநாட் காலையில் எஞ்சின் இரண்டு முறை இருமி ஓயும்.

அரைமணி ஓடிச் சூடேறியபின் நின்று, ஆறியபின் மட்டும் தொடங்கும் எஞ்சினில் மாக்னட்டோவின் காயில் அல்லது கண்டென்சர் பழுதுபட்டிருக்கலாம். நின்றவுடன் பொறியைச் சோதித்தால்தான் இது தெரியும்; ஆறியபின் சோதித்தால் பொறி நன்றாகவே இருக்கும். இதைப் பழுது பார்ப்பது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. குளத்தங்கரைச் சரிவில் சாய்த்து வைத்த எஞ்சின், உயவெண்ணெய் குறைந்தால் தானே நிற்கும் அமைப்புள்ளதாயின், எண்ணெய் போதிய அளவு இருந்தும் சரிவினால் நின்றுவிடும். சமதரையில் வைத்துப் பார்ப்பது நல்லது. பம்பின் கால்வால்வைக் குறை சொல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பம்பு தண்ணீரை விட்டுவிட்டால் எஞ்சின் பாரம் நீங்கி வேகமெடுக்குமேயன்றி நிற்காது.

மேற்கூறியவை யாவும் பணத்தையும் பயிரையும் பற்றியவை. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. பம்பு தண்ணீரை உறிஞ்சும் ஆழம் அனுபவத்தில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேற்படாது. ஆகையால் நீர்மட்டம் கீழே போன கிணறுகளில், எஞ்சினையே உள்ளே ஒரு மேடையிலோ படியிலோ இறக்கி வைக்கும் வழக்கம் உண்டு. அங்கே எஞ்சின் விடும் புகை வெளியேற வழியில்லாமல் கிணற்றுக்குள்ளேயே தங்குகிறது. எஞ்சின் அந்தப் புகையையே மறுபடி உள்ளிழுத்து, பிராணவாயு குறைந்து, சிறிது நேரத்தில் மூச்சடைத்து நிற்கும். மேலே இருப்பவருக்கு அது வழக்கமான கோளாறு போலவே தோன்றும். கயிற்றை இழுக்க ஒருவர் இறங்குகிறார். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கனத்திலும் அது காற்றை ஒத்தது. ஆகவே கிணற்றிலிருந்து தானாக விரைவில் மேலெழுந்து போவதில்லை. இறங்கியவர் கை கால் சோர்ந்து விழுவதற்குச் சில நிமிஷங்களே போதும். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அதே கதியை அடைகிறார். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை இங்கே செல்லாது. இவ்வாயு ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு எரியக்கூடும்.

ஆகையால் கிணற்றுக்குள் எண்ணெய் எஞ்சினை இறக்கவே கூடாது. புகைக் குழாயை மேலே நீட்டி வைப்பதும் போதிய காப்பல்ல, இணைப்பு ஒன்று கசிந்தால் போதும். ஏற்கெனவே அங்கே நின்றுபோன எஞ்சினை மேலிருந்தே கயிறு கட்டித் தூக்க வேண்டும். எவரேனும் உள்ளே விழுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்திற்கு உடனே சொல்லி அனுப்பி, சுவாசக் கருவியுடன் அவர்கள் வரும்வரை வேறெவரையும் இறங்கவிடாமல் தடுப்பது அங்குள்ள கிராம உத்தியோகஸ்தரின் பொறுப்பாகும். உறவினர் மன்றாடினாலும் தடுக்கவே வேண்டும்.

பிசான அறுவடை முடிந்தபின் எஞ்சினை உள்ளே வைக்குமுன், டாங்கியை முழுவதும் வடித்து, எண்ணெய்த் திருகை மூடி, கிண்ணத்திலுள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். பின்பு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி உயவெண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டி, டாங்கி மூடிமேல் துணி கட்டி வைக்கலாம். அடுத்த தை மாதத்தில் எஞ்சினைத் தொடங்குமுன் அத்துணியை மறவாமல் அவிழ்க்க வேண்டும்.