படிப்படியாய் மாறும் பூச்சைப் பார்க்கும் முறை

மல்லசமுத்திரத்துச் சுற்றுப்புறத்தில் கிணறு வெட்டும்போது, மேலே செம்மண்ணும் அதன்கீழ்ச் சரளையும் பின்னர்ப் பாறையுமாக, ஓரிடத்திலும் கோடு கிழித்தாற்போலப் பிரியாமல் ஒன்று மற்றொன்றில் கலந்தே மாறிச் செல்வதை எல்லோரும் கண்டிருப்பார்கள். அலுமினியத்தின்மீது லேசரால் பவுடரை உருக்கி, படலம் படலமாகச் சிலிக்கானைக் கூட்டிப் படியவைக்கும் பூச்சும் அத்தகைய மாற்றத்தையே நாடுகிறது. உஷ்ணத்தில் அலுமினியம் விரிவது சிலிக்கானைப் போல் ஏறக்குறைய 9 மடங்காதலால், சிலிக்கான் மிகுந்த கடினப் படலத்தை நேரே மிருதுவான அலுமினியத்தின்மேல் ஏற்றினால் விரிசல் காண்பது சகஜம்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் தேய்ந்து கழிந்த பிஸ்டன்களை அறுத்து மெருகேற்றியே, மாணவர்களுக்கு அலுமினிய-சிலிக்கான் கலப்புலோகத்தின் உள்ளமைப்பைப் பல வருஷங்கள் காட்டி வந்திருக்கிறேன். 12.6 சதவீதச் சிலிக்கான் சேர்ந்த கலவை 577 டிகிரி செல்சியஸில் உறைகிறது. வார்ப்பில் மெல்லக் குளிர்ந்தால் சிலிக்கான் முரட்டுத் தகடுகளாக நிற்கும். சோடியம் சேர்த்து அத்தகடுகளை நுணுக்கும் உபாயத்துக்கு அலாதார் பாட்ஸ் 1921-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். லேசரோ, விநாடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிரவிடுவதாலேயே அந்தக் காரியத்தைச் சாதிக்கிறது. 12.6 சதவீதத்துக்கு மேல் சிலிக்கானுள்ள படலங்களில் பட்டை தீட்டினாற்போன்ற சிலிக்கான் படிகங்கள் முதலில் தோன்றுவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

ஆயினும் முதற்படலத்தில் அடித்தள அலுமினியமும் உருகிக் கலந்துவிடுவதால், பவுடரில் இட்ட விகிதமே பூச்சிலும் இருக்குமென்று நம்பிவிடக் கூடாது. பவுடரை நன்றாக உலர்த்துவதும் அவசியம். இல்லையேல், ஈரத்திலிருந்து புகுந்து, உறையும் கணத்தில் அலுமினியம் வெளித்தள்ளும் ஹைட்ரஜன், தப்பிக்க அவகாசமின்றி உள்ளேயே சிறைப்பட்டுப் போகும்.

மாதிரியை லேசர் ஓடிய திசைக்குக் குறுக்காக அறுத்து, ஓரம் மழுங்காதபடி பிசினில் பதித்து, எமரித் தாளில் அவசரமின்றித் தேய்க்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் சிலிக்கான் துகள்கள் பெயர்ந்து குழிகள் விழும். அவற்றை வாயுப் புரைகள் என்று எழுதிவைத்து, குற்றமற்ற பூச்சைத் தள்ளிவிடுகிறவர்கள் அநேகர். வாயுப் புரை உருண்டையாயிருக்கும். பெயர்ந்த குழியோ அந்தப் படிகத்தின் முனைகளையே காட்டி நிற்கும். இந்த ஒரு பேதத்தை மாணவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும் என்பது என் அபிப்பிராயம்.

நுண்ணோக்கியில் எடுத்தவுடன் பெரிதாக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, அடித்தளத்திலிருந்து மேற்பரப்புவரை குறைந்த பெருக்கத்தில் ஒருமுறை நிதானமாக நகர்ந்து செல்லுங்கள். அடுத்த படலத்தின் சூட்டில் மறுபடியும் வெந்து சிலிக்கான் பருத்துப்போன மெல்லிய பட்டை, படலங்கள் கூடுமிடத்தில்தான் தென்படும். விரிசலையும் ஒட்டாத இடத்தையும் முதலில் அங்கேதான் தேட வேண்டும். கடினத்தை அளக்கும் குறிகளையும் அந்த எல்லையைக் கடந்து செல்லுமாறு வரிசையாக இட்டாலன்றி, படிப்படியான மாற்றம் உண்மையில் நிகழ்ந்ததா என்பது புலப்படாது.

அமைப்பைத் துலக்குவதற்கு நூற்றுக்கு அரைப்பங்கு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த நீரே போதும். ஆனால் கலக்குமுன் புட்டியிலிருப்பது செறிந்த அமிலம். அது தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி எலும்பையும் தாக்கவல்லது. ஆகையால் தகுந்த கையுறையும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், அருகில் ஒரு துணையும் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள்.